தரகுக்கு ஒரு பரீட்சை

எடிசன், நியூ ஜெர்சி
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ள,

தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும்தான் நிம்மதி. மாடிப்படி ஏறுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல். பூஜை அறையைக் கீழே மாற்றிவிட்டாய் என்றாயே, அது ரொம்ப நல்ல வேலை. சின்னவளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி நீ கேட்டதற்கு இவள் உன்னிடம் தனியாகப் பேசுவாள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

நீ கேட்ட மற்றொரு கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். "ஐம்பத்திரண்டு வயசில் உனக்கு எதுக்குடா தரகு வேலை?" என்று கேட்டாய். போனில் உடனே பதில் சொல்ல வரவில்லை. பேசினால் பாதி விட்டுப்போகும் என்று எழுத உட்கார்ந்தேன்.

பத்தொன்பது வருஷம் பார்த்த கம்ப்யூட்டர் வேலை பிப்ரவரியில் போனது உனக்குத் தெரியும். இரண்டு மாதம் விண்ணப்பம் போட்டுப் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் இவள்தான் சொன்னாள்: "புதுசா வர்றவங்க எல்லாரும் வீடு பத்தி உங்களைத்தானே கேக்கறாங்க, அதையே வேலையா பாருங்களேன்." அப்படித்தான் ரியல் எஸ்டேட் சேல்ஸ்பர்சன் லைசென்ஸுக்குப் படிக்க ஆரம்பித்தேன்.

நம்மூர் மாதிரி டீக்கடையில் உட்கார்ந்து கைமாற்றிவிடும் வேலை இல்லை மாப்ள இது. முதலில் 75 மணி நேரம் வகுப்பு. அதன் முடிவில் அந்தப் பள்ளியே வைக்கும் பரீட்சை. அதில் தேறினால்தான் மாநிலத் தேர்வு: 110 கேள்விகள், நாலு மணி நேரம். 80 கேள்வி நாடு முழுவதற்கும் பொதுவானது, 30 கேள்வி நியூ ஜெர்சிச் சட்டம். நூற்றுக்கு எழுபது வாங்க வேண்டும், அதாவது 77 சரியாக இருக்க வேண்டும். தேறினாலும் தனியாகக் கடை போட முடியாது. ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை, கமிஷன்கூட அவர் கை வழியாகத்தான் வரும். கைரேகையும் எடுப்பார்கள்.

நாலரை மணிக்கு எழுந்து, காபி போட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் படிக்கிறேன். எல்லாம் புதுசாக இருக்கும் என்று பயந்துதான் புத்தகத்தைத் திறந்தேன். பாதிக்கு மேல், பத்திரம் எழுதும் நம் மாமாவின் சாய்வு மேசையில் நாம் கேட்ட பேச்சு. ஒரு ஏக்கர் எத்தனை சதுர அடி என்று வகுப்பில் கேட்டதும் 43,560 என்று வாயிலிருந்து தானாக வந்தது. சென்ட்டுக்கு 435.6 என்று மாமா நம் இருவரையும் ஒப்பிக்க வைத்தது மறக்குமா? நிலத்தின் எல்லையை எழுதும் ஒரு முறையை இங்கே 'மீட்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்' என்கிறார்கள். ஒரு புள்ளியில் தொடங்கி, இத்தனை அடி இந்தத் திசை என்று நடந்து, அதே புள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். வகுப்பில் எல்லோரும் குழம்பினார்கள். எனக்கு அது நம் செக்குபந்தி. வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் மனைக்கு மேற்கு என்று மாமா எழுதுவாரே, அதன் சித்தப்பா பிள்ளை.

எல்லோரும் தடுக்கி விழும் இன்னொரு இடம் 'மார்ட்கேஜர்', 'மார்ட்கேஜீ'. பணம் கொடுப்பது பேங்க், ஆகவே பேங்க்தான் மார்ட்கேஜர் என்று நினைத்துவிடுவார்கள். தமிழில் யோசித்தால் குழப்பமே இல்லை. அடமானம் வைத்தவர் யார்? கடன் வாங்கியவர். அவர்தான் மார்ட்கேஜர். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது அவர் தவறு செய்வதில்லை.

ஆனால் ஊர்ப் பழக்கமே காலை வாரிய இடமும் உண்டு. மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: 'கிரையப் பத்திரத்தின் மூலம் உரிமை எப்போது கைமாறுகிறது?' நான் யோசிக்கவே இல்லை, பதிவு ஆனதும் என்று குறித்தேன். தப்பு. நம்மிடம் 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலம் பதிவுப் பத்திரம் இல்லாமல் விற்பனை ஆகாது. இங்கே விற்பவர் கையெழுத்திட்ட பத்திரத்தைக் கொடுத்து, வாங்குபவர் ஏற்றுக்கொண்ட அந்த நொடியில் உரிமை போய்விடுகிறது. கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, அதன் அலுவலகத்தில் பதிவு செய்வது ஊருக்கு அறிவிக்க, பிற்பாடு வேறு யாரும் வந்து உரிமை கோராமல் காக்க. அந்த முதல் மாதிரித் தேர்வில் எனக்கு 64 சதவீதம். இப்போது எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, நான் உன்னிடம் சொல்ல நினைத்தது மதிப்பெண் கணக்கு இல்லை. ஏழாவது வாரம் 'ஸ்டியரிங்' என்ற பாடம் வந்தது. வண்டி ஸ்டியரிங்கேதான். வீடு தேடி வருபவரை, அவருடைய இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து, ஒரு தெருப் பக்கம் திருப்பிவிடுவது, அல்லது ஒரு தெருவிலிருந்து விலக்கிவிடுவது. அது சட்டவிரோதம். 1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஒரே வாரத்தில், 11ஆம் தேதி, நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். நியூ ஜெர்சியில் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அதற்கும் முந்தியது, 1945. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வில்லிங்பரோ என்று ஒரு ஊர் இருக்கிறது. லெவிட் என்ற பெரிய கட்டட நிறுவனம் ஆயிரக்கணக்கில் வீடு கட்டி, கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டேன் என்றது. அரசின் கடன் காப்பீட்டு உதவியோடு கட்டிய வீடுகளுக்கு இந்த மாநிலச் சட்டம் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1960இல் தீர்ப்பளித்தது. நான் அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இது தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பாடத்தைப் படித்தபோது 2006 ஞாபகம் வந்தது. நாங்கள் முதல் வீடு பார்க்கப் போன வருஷம். ஏஜென்ட் அன்பானவர். மூன்று வீடு காட்டினார், மூன்றும் ஒரே பகுதி. "உங்க ஆட்கள் நிறைய பேர் இங்கேதான் இருக்காங்க, கோயில் பக்கம், கடை பக்கம், உங்களுக்கு வசதியா இருக்கும்" என்றார். பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றி இவள் கேட்டாள். அங்கே நல்ல நூலகமும், பெரியவன் நடந்தே போகிற தூரத்தில் பள்ளிக்கூடமும் இருந்தன. அவர் தலையை மெதுவாக ஆட்டி, "அது உங்களுக்குச் சரிப்பட்டு வராது" என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. நம்மேல் எவ்வளவு அக்கறை என்று காரில் திரும்பும்போது பேசிக்கொண்டு வந்தோம். இருபது வருஷம் கழித்துப் பாடப் புத்தகத்தில் கிட்டத்தட்ட அதே வாசகம், தவறான நடத்தைக்கு உதாரணமாக. புத்தகத்தை இவளிடம் நீட்டினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நாம சந்தோஷப்பட்டோமே" என்றாள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. அதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஓக் ட்ரீ ரோடு பக்கம் பாருங்கள், நம்ம ஆட்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் வேண்டாம் என்று. ஊரில் வீடு வாடகைக்கு விடும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பதை எத்தனை இயல்பாக எடுத்துக்கொண்டு வளர்ந்தோம் மாப்ள. கேட்பவர் முகத்தில் ஒரு கோபமும் இருக்காது, சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். இங்கேயும் அந்த ஏஜென்ட் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

லைசென்ஸ் வந்த பிறகு ஒரு தமிழ்க் குடும்பம் வந்து "நம்ம ஆட்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் நான் சொல்லக் கூடாது. என்ன விலை, எத்தனை அறை, வேலைக்கு எவ்வளவு தூரம் என்று அவர்களிடம் கேட்டு, அதற்குப் பொருந்தும் எல்லா வீட்டையும் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் எப்படி என்றால் பள்ளி மாவட்டத்தின் விவரங்களை நேரே பார்க்கச் சொல்ல வேண்டும். தேர்வு செய்வது அவர்கள் பாடு. "என்ன இவர், தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறாரே" என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள், தெரியும். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள நான் தயார்.

இன்னொன்றும் பிடித்திருக்கிறது. இங்கே பேச்சு ஒரு கட்டம் தாண்டும் முன்பே, நான் யாருக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும்: விற்பவருக்கா, வாங்குபவருக்கா, இருவருக்குமா, அல்லது யார் பக்கமும் சேராமல் வியாபாரத்தை மட்டும் முடித்துத் தருகிறேனா. இருவருக்கும் என்றால் இருவரும் விஷயம் தெரிந்து எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நம்மூரில் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் 'உங்க ஆளு நான்' என்று சொல்வதைப் பார்த்துத்தானே உனக்குத் தரகு என்றாலே கசக்கிறது?

ஈஸ்மென்ட், அதாவது அடுத்தவர் நிலத்தில் நமக்கு இருக்கும் வழி, தண்ணீர் மாதிரியான பாத்தியம், அந்தப் பாடத்தில் மாமா நேரிலேயே வந்துவிட்டார். நாம் எட்டாவது படிக்கும்போது, மன்னார்குடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த கொட்டகையில், ஒரு பாட்டி தன் மனையை அக்காள் மகனுக்குக் கிரையம் எழுத வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? பத்திரத்தாளில் எழுதும் முன் மாமா வரைவை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். கைநாட்டு வைப்பவர்களுக்கு எப்போதும் இரண்டு தடவை படிப்பார். "சகல ஈஸ்மெண்டு பாத்தியங்கள் உட்பட" என்ற இடம் வந்ததும் பாட்டி கையை நீட்டி நிறுத்தி, "அப்போ கிணத்துத் தண்ணி?" என்றாள். அக்காள் மகன் "அதெல்லாம் எடுத்துக்க சித்தி, நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்" என்றான். மாமா பேனாவை மூடி வைத்துவிட்டார். "வாயால சொன்னதை எழுதிடுவோம்" என்று சொல்லி, அவள் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம் உண்டு என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி முதலிலிருந்து படித்த பிறகுதான் தாளைத் தொட்டார்.

நிலத்தோடு ஒட்டிப் போகும் உரிமை ஒன்று, ஆளோடு முடிந்துபோகும் உரிமை இன்னொன்று என்று இங்கே இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பில் உதாரணம் கேட்டார்கள். இரண்டாவது வகைக்கு நான் பாட்டியின் கிணற்றைச் சொன்னேன். ஆசிரியை அதைப் பலகையில் எழுதிப் போட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை எட்டரைக்குத் தேர்வு. மாமாவின் டிரங்குப் பெட்டி இன்னும் பரணில்தானே இருக்கிறது? அந்தப் பத்திரத்தின் வரைவு அதில் இருந்தால், அந்தத் தண்ணீர் வரி வரும் பக்கத்தை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. அவர் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்
மாப்ள