பொத்தானை அழுத்தினால் வக்ஃபு ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

"இணையத்தில் சம்மதம் தெரிவித்துப் பணம் செலுத்திய மறுகணமே வக்ஃபு (இறைவனுக்காகச் சொத்தை நிலையாக ஒதுக்கும் அறக்கொடை) நிறைவேறிவிடும், இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடே இல்லை" என்று சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் எழுதியிருந்தீர்கள். எழுதியவர் மார்க்கக் கிதாபு ஓதிய ஆலிம் என்பதால்தான் வருத்தம் அதிகம்.

சொன்ன மாத்திரத்தில் வக்ஃபு உறுதியாகிவிடும் என்றவர் இமாம் அபூயூசுஃப். அதை நிர்வகிக்கும் முதவல்லியிடம் ஒப்படைத்தால்தான் ஆகும் என்றவர் இமாம் முஹம்மது. இவ்விருவரின் ஆசானும் ஹனஃபி மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) தலைவருமான இமாம் அபூஹனீஃபாவோ, காழியின் (நீதிபதியின்) தீர்ப்போ வஸிய்யத்தோ (மரண சாசனமோ) இல்லாத வக்ஃபைத் திரும்பப் பெறலாம் என்றவர். நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில், எழுத்து நிய்யத்தோடு (மன உறுதியோடு) சேர்ந்தால்தான் செல்லும். ரொக்கத்தை வக்ஃபு செய்வதையே எங்கள் இமாம்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தங்கள் இதழுக்கு நாங்கள் கண்ணில் படாதது புதிதல்ல. நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ராவை ரொக்கமாகக் கொடுப்பதே சட்டம் என்று முன்பு எழுதியபோதும், அரிசி அளந்து கொடுக்கும் எங்கள் வீடுகளை மறந்தீர்கள். அப்போது நான் எழுதிய கடிதம் இடமின்மையால் வெளிவரவில்லை போலும்.

1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அகாடமி நவீனத் தொடர்புக் கருவிகள் வழியான ஒப்பந்தங்களையும், 2004இல் மஸ்கத்தில் ரொக்க வக்ஃபையும் ஏற்றதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைபரில் தமக்குக் கிடைத்த நிலம் குறித்து உமர் (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி, மூலச் சொத்தை நிறுத்திவைத்து அதன் விளைவைத் தர்மம் செய்வதல்லவா? என் மருமகள் 'கிணறு வக்ஃபில் ஒரு பங்கு' என்ற அறிவிப்பைப் பார்த்துக் கைப்பேசியில் பணம் அனுப்பினாள். வந்த ரசீதில் 'பொது நன்கொடை' என்றிருந்தது. முதவல்லி யார், கிணறு எந்த ஊரில் என்று கேட்டதற்கு, 'ஜஸாகல்லாஹு கைரன்' (அல்லாஹ் நற்கூலி தருவானாக) என்ற தானியங்கிச் செய்தியே பதிலாக வந்தது.

என் பாட்டனார் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில் நான்கு எல்லையும் சொல்லி வக்ஃபு செய்த தென்னந்தோப்புக்கே இன்று காகிதம் கேட்கிறார்கள். 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டத்துக்குப் பின் வக்ஃபு பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃபு ஏற்படாது என்பது தாங்கள் அறியாததல்ல. அதைச் சொல்ல ஒரு வரிக்கும் இடமில்லாமல் போனதற்கு, எதிர்ப்பக்கத்தில் வெளியான முழுப்பக்க நிதி திரட்டும் விளம்பரம் காரணமாக இருக்காது என்றே நம்புகிறேன்.

பணம் செலுத்துமுன் முதவல்லியின் பெயரையும் பத்திரத்தின் நகலையும் கேட்டுப் பெறுமாறு அடுத்த இதழில் இரண்டு வரி வெளியிடுங்கள். அந்த விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வஸ்ஸலாம்,
நெடுநாள் சந்தாதாரர்,
காயல்பட்டினம்.