வெறும் மணி

கொழிஞ்சாம்பாறை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் செந்திலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வேறு செய்தி இல்லை.

உன்னைத் தொலைபேசியில் அழைத்தால் முன்பு மலையாள இசையமைப்பாளர் பாபுராஜின் பாட்டு ஒலிக்கும். மூன்று மாதமாக வெறும் மணிதான் அடிக்கிறது. மருமகள் வைத்துக்கொடுத்த பாட்டு என்பதால் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் எதையும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

யாரோடு பழகுகிறோமோ அவர்கள் பக்கமே நம் காதும் திரும்பும் என்பதை என்னைக்கொண்டே அறிவேன். சிறுவயதில் டீக்கடை ரேடியோவில் கேட்ட இலங்கை வானொலிதான் எனக்கு எல்லாம். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது பொள்ளாச்சிக்குச் சைக்கிள் மிதித்துப்போய் மூன்று முறை பார்த்தேன். பாலக்காட்டில் வேலை கிடைத்து, கச்சேரிக்குப் போகிறவர்களோடு பழகிய பின், அதே பாடல்களை "அதெல்லாம் ஒரு பாட்டா" என்று பேசத் தொடங்கினேன். ஆண்டுதோறும் ஏகாதசி இசை விழாவுக்கு அவர்களோடு செம்பை கிராமத்துக்குப் போய், அவர்கள் தலையசைத்த இடத்தில் நானும் ஒன்றும் புரியாமல் அசைத்தேன். சில ஆண்டுகளில் உண்மையாகவே பிடித்துப்போயிற்று.

நீயும் அப்படித்தான். கோழிக்கோட்டுப் பெண் வரும்வரை கஜல் என்றால் உனக்குக் கொட்டாவி வரும். அவள் வீட்டு மாடியில் மெஹபில் என்னும் பாட்டுக் கூட்டத்தைக் கேட்டுவிட்டு வந்து, எங்களை உட்காரவைத்து வரிவரியாகப் பொருள் சொன்னாயே, எனக்கு உள்ளூரப் பெருமைதான். இப்போது வேறு பாட்டு வைத்திருந்தால்கூட இத்தனை யோசித்திருக்க மாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் கீழ்த்தெருப் பையன்களை அழைத்துவந்து திண்ணையில் பறை அடித்தாய். என் பாலக்காட்டு நண்பர்கள் உள்ளே இருந்தார்கள். "இந்தச் சத்தத்தை வெளியே கொண்டுபோ" என்றேன். பிடிக்காமல் சொல்லவில்லை, என் காலும் தாளம் போட்டது, அவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். வேற்று மதத்தவரான யேசுதாஸைச் சீடராக ஏற்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். அவருடைய ஊருக்கு ஆண்டு தவறாமல் போன நான் உன் நண்பர்களைத் திண்ணையிலிருந்து இறக்கிவிட்டேன். அதன் பிறகு நீ இந்த வீட்டில் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்லாததற்கும் அதுவே காரணமோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தேருக்கு வருவதானால் பாலக்காடு ஜங்ஷனுக்கே நான் வந்து நிற்கிறேன், நீ தனியாக வந்தாலும்.

அப்பா