அந்த நான்கு எழுத்தைக் காரணம் சொல்லாதே

தாண்டிக்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆபீசில் வைத்த மையர்ஸ்-பிரிக்ஸ் (எம்.பி.டி.ஐ.) ஆளுமைச் சோதனையின் முடிவை அனுப்பியிருந்தாயே, அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். மனிதர்களைப் பிரிக்கும் நான்கு எழுத்து வகைகளில் நீ ஐ.என்.எஃப்.பி., கூட்டத்தை விடத் தனிமையை விரும்புகிறவள். "நம்ம பாப்பாவேதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அதற்குக் கீழே, "நான் இந்த வகை, டீம் லீடர் பொறுப்பு எனக்குச் சரிவராது" என்று எழுதியிருந்தாய் பார், அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

இதைப் பற்றித் தேடிப் படித்தேன். யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் 1921-இல் எழுதிய நூலிலிருந்து, காதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கத் தாயும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது இது. இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு, அவரவருக்குப் பொருந்தும் வேலை அமைய வேண்டும் என்று மகள் பாடுபட்டார். நல்ல எண்ணம்தான். ஒருவரை வேலைக்கு எடுக்க இதை அளவுகோலாக வைக்கக் கூடாது என்று இதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. காரணம், உனக்கு எது பிடிக்கும் என்றுதான் இது கேட்கிறது. உன்னால் எது முடியும் என்று கேட்பதே இல்லை.

நீ ஒன்பதாவது படிக்கும்போது காப்பி எடை போட வந்த வியாபாரி, சாக்கு எடை என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார். நாங்கள் வருஷா வருஷம் பேசாமல் விட்டதுதான். நீ நோட்டுப் புத்தகத்தோடு முன்னால் வந்து, "அண்ணே, வெறும் சாக்கை ஒருதடவை தராசுல போடுங்க" என்றாய். ஒரு கிலோகூட வரவில்லை. அத்தனை மூட்டைக்கும் கணக்கை மாற்றி எழுத வைத்தாய். அப்புறம் உள்ளே போய்ப் படுத்தவள், ராத்திரி சாப்பிடும்வரை யாரிடமும் பேசவில்லை. இரண்டும் நீதான் பாப்பா.

இந்தச் சோதனை நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் ஒரு எழுத்து என்று கொடுத்துவிடுகிறது. மனிதர்களோ பெரும்பாலும் நடுவில்தான் நிற்கிறார்கள். காப்பிக் கொட்டையைச் சல்லடையில் தரம் பிரிக்கும்போது, நூலளவு சிறுத்த கொட்டையும் கீழே விழுந்து வேறு பெயர் வாங்குகிறதே, அந்தக் கதைதான். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருவதும் இதனால்தான். ஆராய்ச்சியாளர்கள் இப்போது அதிகம் பயன்படுத்தும் ஐந்து பண்பு முறை இப்படி வகைப் பெயர் சூட்டுவதில்லை, ஐந்து பண்புகளில் ஒவ்வொன்றும் ஒருவரிடம் எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது. வயது ஏற ஏறப் பொதுவாகப் பொறுப்புணர்வு கூடுவதையும், பதற்றம் குறைவதையும் அதில் பார்த்திருக்கிறார்கள்.

"என்னையே எழுதின மாதிரி இருக்கு" என்றாய். 1948-இல் ஃபோரர் என்ற பேராசிரியர், மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே பத்தியை, அதுவும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்ததை, உன் சோதனை முடிவு என்று தனித்தனியாகக் கொடுத்தார். ஐந்துக்குச் சராசரியாக நாலே கால் மார்க் போட்டார்களாம், அவ்வளவு பொருந்துகிறது என்று!

கூட்டம் முடிந்து வந்தால் உனக்குத் தனியாக இருக்க நேரம் வேண்டும். அதை மேனேஜரிடம் சொல்லு, வாரத்தில் எத்தனை மீட்டிங் என்று கேளு. வேலைப்பளு தாங்காது என்று தோன்றினால் வேண்டாம் என்றே சொல்லிவிடு, எனக்கு வருத்தமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும் என்றாயே, அதற்கு முன்னால் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா