குத்தகைக்காரருக்கு மானியம் உண்டா, இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இணையப் பதிப்பு புது வடிவத்துக்கு மாறிய பிறகு பக்கங்கள் சட்டென்று திறக்கின்றன, எழுத்தும் கண்ணை உறுத்தவில்லை. குறை என்று பார்த்தால் ஒன்றுதான். செய்திக்குள் வரும் பட்டியல்களில் எண்ணும் இல்லை, புள்ளியும் இல்லை, உள்ளே தள்ளி நிற்க வேண்டிய வரி தள்ளி நிற்பதும் இல்லை. எல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

அழகு குறைந்துவிட்டது என்பதற்காக இதை எழுதவில்லை. அண்மையில் விவசாய மானியம் பற்றி ஒரு செய்தி வந்தது. யார் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியலில் முதலில் சிறு விவசாயிகள். அடுத்து "கீழ்க்கண்டோருக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி, அதன் கீழே உட்பட்டியலாக வருமான வரி கட்டுவோர், அரசுப் பணியில் இருப்போர். அது முடிந்து பழையபடி வெளிப் பட்டியலில் "குத்தகைக்குச் சாகுபடி செய்வோர்". அச்சுப் பிரதியில் எந்தக் குழப்பமும் இல்லை. செல்போனிலோ ஐந்து வரியும் ஒரே நேர்கோட்டில் நின்றதால், குத்தகைக்காரரும் பொருந்தாதவர் கணக்கில் சேர்ந்துவிட்டார். குளித்தலைப் பக்கம் குத்தகை நிலத்தில் வாழை போட்டிருக்கும் என் மாமா போன் செய்து, "என்ன மாப்ளே, நமக்கெல்லாம் கிடையாதாமே?" என்றார். பேப்பரை எடுத்துப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

வலைத்தளம் வடிவமைப்பதுதான் என் தொழில் என்பதால் பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்தேன். தங்கள் செய்தியாளர்கள் பட்டியலைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். உட்பட்டியல்கூட முறையாக உள்ளேதான் இருக்கிறது. காணாமல் போனது தோற்றம் மட்டுமே. எந்தப் பிரவுசரும் பட்டியலுக்குத் தானாகவே இடது பக்கம் 40 பிக்சல் பேடிங் (உட்புற இடைவெளி) விடும். எண்ணும் புள்ளியும் அந்த இடைவெளியில்தான் உட்காரும். தங்கள் தளம் டெய்ல்விண்ட் என்ற பிரேம்வொர்க்கில் (தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) கட்டப்பட்டிருக்கிறது. அது தொடக்கத்திலேயே எல்லாப் பட்டியலுக்கும் மார்ஜின் (வெளிப்புற இடைவெளி), பேடிங் இரண்டையும் பூஜ்யமாக்கி, எண்ணையும் புள்ளியையும் எடுத்துவிடும். இது அதன் பிழை அல்ல, ஆவணத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். தளத்தின் மெனுவையும் பட்டியலாகத்தான் எழுதுகிறோம். "முகப்பு, மாவட்டம், விளையாட்டு" என்பதற்கு முன்னால் கறுப்புப் புள்ளி நிற்பதை யாரும் விரும்புவதில்லை.

ஒரு காலத்தில் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் இந்த 40 பிக்சலை மார்ஜினாக விட்டது, மொசில்லா பேடிங்காக விட்டது. ஒன்றில் சரியாக்கினால் மற்றதில் கோணலாகும். அந்தத் தொல்லைக்கு இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டு நாமே வைத்துக்கொள்வோம் என்று கிளம்பிய பழக்கம் இன்னும் போகவில்லை. பூஜ்யமாக்கியவர்கள் திரும்ப வைக்க மறந்தால் இப்படித்தான் ஆகும். பூட்ஸ்டிராப் என்ற இன்னொரு பிரேம்வொர்க், எண்ணை எடுக்காமல் 2 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் போல் இரு மடங்கு) பேடிங்கும் விட்டு வைக்கிறது.

தங்கள் தொழில்நுட்பக் குழுவுக்கு இது அரை மணி நேர வேலைகூட இல்லை. செய்தி உடல் பகுதிக்கு மட்டும் எண்ணையும் பேடிங்கையும் திருப்பித் தர வேண்டும், மெனுவைத் தொட வேண்டியதில்லை. டெய்ல்விண்டின் டைப்போகிராபி பிளக்-இன் என்ற கூடுதல் இணைப்பில் 'புரோஸ்' என்ற கிளாஸ் (தோற்றத்தை வரையறுக்கும் பெயர்) இதற்காகவே இருக்கிறது. ஆனால் அவசரத்தில் எண்ணை மட்டும் திருப்பி வைத்துப் பேடிங்கை மறந்துவிட வேண்டாம். எண் இயல்பாக எழுத்துக்கு வெளியே இடது பக்கம் நிற்கும். அங்கே இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் வெட்டுப்படும், 10 என்பது 0 என்று தெரியும். சமையல் பகுதியில் வெறும் '0.' என்று தொடங்கும் செய்முறையை யோசித்துப் பாருங்கள். இடம் இல்லையே என்று எண்ணை 'இன்சைடு' என்று உள்ளே தள்ளினாலும் சரிவராது. இரண்டாம் வரி எண்ணுக்கு அடியிலேயே வந்து நின்றுவிடும், எது எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அப்புறம், அந்தப் பழைய 40 பிக்சலையே வைக்கவும் வேண்டாம். 360 பிக்சல் அகலமுள்ள போனில் மூன்று அடுக்குப் பட்டியல் வந்தால் 120 பிக்சல், திரையில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடமாகப் போய்விடும். "விண்ணப்பிக்கவேண்டியவர்கள்" போன்ற நீளச் சொற்கள் மீதி இடத்தில் அடங்காமல் பிதுங்கும். எழுத்தின் அளவோடு சேர்ந்து மாறும்படி எம் அலகில் கொடுப்பது நல்லது. புள்ளிக்கு 1.5 எம், எண்ணுக்கு 2 எம் என்பது என் பழக்கம்.

இன்னொரு விஷயம். எண்ணையும் புள்ளியையும் எடுத்துவிட்டால், ஐபோனில் திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வைத்துக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு சஃபாரி பிரவுசர் அதைப் பட்டியல் என்றே அறிவிப்பதில்லை. நமக்கு எண் மட்டும்தான் போனது, அவருக்குப் பட்டியலே போய்விட்டது.

சில நாட்களாகச் சில செய்திகளில் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 1), 2) என்று கையாலேயே தட்டச்சு செய்திருப்பதைப் பார்க்கிறேன். உதவி ஆசிரியர் யாரோ குறையைக் கவனித்துத் தம்மால் முடிந்ததைச் செய்திருக்கிறார், பாராட்ட வேண்டும். ஆனால் வடிவத்தைச் சரிசெய்யும் நாளில் அந்தச் செய்திகள் எல்லாம் "1. 1)", "2. 2)" என்று இரட்டை எண்ணோடு நிற்கும். எனவே தொழில்நுட்பக் குழுவிடம் சொல்லும்போதே செய்திப் பிரிவிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த மானியச் செய்தியை மட்டுமாவது முதலில் சரிசெய்தால் நல்லது, விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்குகிறது.

இப்படிக்கு,
வலைத்தள வடிவமைப்பாளர் ஒருவர்,
திருச்சி.