தன்னைத்தானே ஆராய்வதா, ஆராயப்பட ஒப்புக்கொடுப்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, ஆத்தும சோதனை குறித்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். படுக்கப்போகுமுன் அன்றைய நன்மை தீமைகளை வரவு செலவுபோல் எழுதிப் பார்த்து வந்தால் நாளடைவில் ஆத்துமா மாசு நீங்கித் தூய்மையடையும் என்பது கட்டுரையாளரின் கருத்து. நல்ல நோக்கத்தோடு எழுதியிருக்கிறார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கிறிஸ்தவ மரபு சொல்லிவந்திருப்பதில் மையமான ஒன்று கட்டுரையில் விடுபட்டுப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட கணக்கை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில வரிகள் எழுத விரும்புகிறேன்.

கட்டுரையின் மேலே கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். “தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும், என்னைச் சோதித்து, என் சிந்தனைகளை அறிந்துகொள்ளும்” என்பது வேதாகமத்திலுள்ள 139-ஆம் சங்கீதத்தின் 23-ஆம் வசனம். இதில் ஆராய்கிறவர் யார்? சங்கீதக்காரன் தன்னைத்தானே ஆராயவில்லை; ஆராயும்படி தன்னை ஒப்புக்கொடுக்கிறான். அதே சங்கீதத்தின் முதல் வசனமோ, “கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்” என்று அதை ஏற்கெனவே நடந்து முடிந்த காரியமாகச் சொல்லிவிட்டது. அறிந்தவரிடமே ‘அறிந்துகொள்ளும்’ என்று மன்றாடுவதில், அவர் அறிந்திருப்பதை நானும் அறிந்துகொள்ளச் சம்மதிக்கிறேன் என்ற பொருள் இருப்பதாகவே நான் கொள்கிறேன்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த வசனம் வந்து நிற்கும் இடம். இதற்கு முந்தைய நான்கு வசனங்களையும் நாம் ஜெபக் கூட்டங்களில் பெரும்பாலும் வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம். துன்மார்க்கரைத் தேவன் அழித்துப்போட வேண்டும் என்று கேட்கும் வசனங்கள் அவை. 22-ஆம் வசனம், “முழுப்பகையாய் அவர்களைப் பகைக்கிறேன்” என்று தொடங்குகிறது. அவ்வளவு பகையையும் கொட்டிவிட்டு, அடுத்த மூச்சில்தான் அவன் “என்னை ஆராய்ந்து” என்கிறான். தன் பகை தேவனுக்காகக் கொண்ட வைராக்கியம் என்றே அவன் நம்புகிறான், ஏனென்றால் கர்த்தரைப் பகைக்கிறவர்களைத்தான் தான் பகைப்பதாக அவன் சொல்கிறான். ஆனாலும் அந்த நம்பிக்கையின்மேல் அவனுக்கே முழு உறுதியில்லை போலும். நமக்குள் இருக்கும் குற்றங்களில் கண்டுபிடிக்கக் கடினமானது, நாம் நற்குணம் என்று பெயர் சூட்டி வைத்திருக்கும் குற்றமே. வரவு செலவு எழுதுகிறவன் அதை வரவுப் பக்கத்தில் எழுதிவிடுவான்.

நான் அப்படித்தான் எழுதினேன். என் நோட்டில் நாளுக்கு ஒரு வரி. கோபம், பொய், பொறாமை, ஜெபத்தில் அசதி என்று நான்கு கட்டங்கள். தகப்பனாரின் கடைசி நாட்களில் யார் எவ்வளவு செய்தோம் என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு முற்றி, பதினோரு ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளின் நோட்டுகளையும் பின்பு எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். கோபம் என்ற கட்டத்தில் ஒன்று, இரண்டு என்று எண்கள் ஒழுங்காக இருந்தன. பேருந்தில் இடித்தவர்மேல் வந்த கோபம்கூட அதில் ஏறியிருந்தது. தம்பியின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. நான் நியாயத்தின் பக்கம் நிற்கிறேன் என்று முடிவு செய்துவிட்டதால், அது சோதனைக்கு உட்பட்ட பொருளாகவே எனக்குத் தோன்றவில்லை. எழுதியவனும் நான், தணிக்கை செய்தவனும் நான் என்றால் வேறு எப்படி இருக்கும்?

பரிசுத்த அகுஸ்தீன் தம் பதினாறாம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மரத்திலிருந்து பேரிக்காய்களைத் திருடினார். பசியால் திருடவில்லை, பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். ஏறக்குறைய 397-ஆம் ஆண்டில் தம் வாழ்க்கையைத் தேவனை நோக்கிய அறிக்கையாக எழுதத் தொடங்கியபோது, இந்தச் சிறு திருட்டைப் பக்கம் பக்கமாக அவர் கிளறுகிறார். எதற்காக அது எனக்கு இனித்தது, தனியாக இருந்திருந்தால் செய்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டே போகிறார். என் நோட்டாக இருந்தால் ‘திருட்டு – 1’ என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்திருப்பேன்.

ஆத்துமா என்ற சொல்லையும் கட்டுரையாளர் சற்றுக் குறுக்கிவிட்டதாக நினைக்கிறேன். தூசி படியும் கண்ணாடியாக அதை அவர் உவமித்திருக்கிறார். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் தேவன் மண்ணினால் மனிதனை உருவாக்கி, அவன் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதியபோது, “மனுஷன் ஜீவாத்துமாவானான்” என்று வாசிக்கிறோம். ஓர் ஆத்துமாவைப் பெற்றான் என்று அங்கே சொல்லவில்லை, ஆத்துமாவாகவே ஆனான். அங்குள்ள ‘நெஃபெஷ்’ என்ற எபிரெயச் சொல்லுக்கு உயிர் என்றும் ஆள் என்றும், சில இடங்களில் தொண்டை என்றும்கூடப் பொருள் உண்டு. தாகமும் பசியும் ஏக்கமும் உள்ள முழு மனிதன்தான் அது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘ப்சூகே’யும் நம் தமிழ் வேதாகமத்தில் ஓரிடத்தில் ஜீவன் என்றும் மற்றோரிடத்தில் ஆத்துமா என்றும் வருகிறது. எனவே ஆத்துமாவைச் சோதிப்பது என்றால், உள்ளே எங்கோ இருக்கும் ஒரு பொருளைத் துடைப்பது மட்டும் அல்ல. என் சாப்பாடு, என் பணம், என் பேச்சு, என் வீட்டார் எல்லாமே அந்தச் சோதனைக்குள் வரும்.

இரவில் கணக்குப் பார்த்து ஆத்துமாவோடு பேசிய ஒருவனை இயேசுவே நமக்குக் காட்டியிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. லூக்கா 12-ஆம் அதிகாரத்தின் ஐசுவரியவான் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டுவிட்டு, தன் ஆத்துமாவை நோக்கி, உனக்கு அநேக வருஷங்களுக்கு வேண்டிய பொருள் இருக்கிறது, இளைப்பாறு என்கிறான். அவன் கணக்கில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. அந்த உவமையில் அவனைத் தவிர வேறு மனிதர் ஒருவர்கூடப் பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தனக்குத்தானே கேள்வி கேட்டு, தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்கிறான். குறுக்கே வரும் ஒரே குரல் தேவனுடையது.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன் வாசிக்கப்படும், “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து” என்ற 1 கொரிந்தியர் 11:28-ஐக் கட்டுரையாளர் தம் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். பவுல் இதை எழுத நேர்ந்த காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரிந்து சபையில் அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டான். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்று 21-ஆம் வசனம் அந்தப் பந்தியை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்ட பந்தி அது. அந்த இடத்தில்தான் உன்னைச் சோதித்துப் பார் என்கிறார். கடைசியில் அவர் கொடுக்கும் புத்திமதியும், உள்ளுக்குள் இன்னும் ஆழமாகப் போங்கள் என்பதாக இல்லை. “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்பதே அது. அதோடு, சோதித்தறிந்து விலகி நிற்கக்கடவன் என்று அவர் எழுதவில்லை. சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றே எழுதினார். தாங்கள் தகுதியற்றவர்கள் என்று ஆண்டுக்கணக்கில் பந்திக்கு வராமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும் விசுவாசிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை அங்கே உட்காரவைத்ததில் பிரசங்க மேடைகளுக்கும் பங்கு உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இந்த இரண்டாவது ஆபத்தைக் கட்டுரை தொடவே இல்லை. கணக்கு எழுதுகிறவர்களில் சிலர் என்னைப்போல் தங்களை விடுதலை செய்துகொள்கிறார்கள். சிலரோ ஒவ்வோர் இரவும் தங்களுக்கே தண்டனை விதித்துக்கொள்கிறார்கள். 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டினால் கால் நொறுங்கி, அதன்பின் மனம் திரும்பி, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், அடுத்த ஆண்டு மன்ரேசாவில் இந்தத் துன்பத்தில்தான் விழுந்தார். அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் மனம் ஆறாமல், உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போனார். பின்னாளில் அவர் எழுதி 1548-இல் அச்சேறிய பயிற்சி நூலில் இதற்கென்றே சில குறிப்புகள் உண்டு. தரையில் தற்செயலாகச் சிலுவை வடிவில் கிடந்த இரண்டு வைக்கோல்களை ஒருவன் மிதித்துவிட்டு, பாவம் செய்துவிட்டேன் என்று முடிவு கட்டுவதை அவர் உதாரணமாக எடுத்து, அது வெறும் தவறான தீர்ப்பு என்கிறார்.

அதே நூலில், விழுந்த தடவைகளுக்குக் கோட்டின்மேல் புள்ளி வைத்து எண்ணும் முறையும் இருக்கிறது. கட்டுரையாளருக்குச் சாதகமான இதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் ஆத்தும சோதனைக்கு இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து படிகளில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது மூன்றாவதுதான். பெற்ற நன்மைகளுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்வது முதலாவது. தன் பாவங்களைக் கண்டறியக் கிருபை கேட்பது இரண்டாவது. தன் கண்ணை நம்பித் தனக்குள் இறங்காதே என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. பவுலும், “என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை” என்று தம் மனசாட்சியின் நற்சான்றிதழைக்கூட இறுதித் தீர்ப்பாக ஏற்கவில்லை. யோவானோ மறுபக்கத்திலிருந்து, நம் இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்று தேற்றுகிறார். விடுதலை செய்யும் அதிகாரமும் தண்டிக்கும் அதிகாரமும் ஒருசேர நம் கையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு அது பெரிய நிம்மதி.

தம்பியின் காரியம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்களில் ஒன்றில் அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டு வந்தேன். 22-ஆம் வசனத்தைத் தாண்ட முடியவில்லை. மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன்; இரண்டு முறை அவன் எடுக்கவில்லை, மூன்றாம் முறை எடுத்தான். நான் எழுதி வைத்திருந்த மன்னிப்பு வாசகம் பாதியிலேயே குழறிப்போயிற்று. பழைய கணக்கில் இன்றும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, ஆனால் பேசிக்கொள்கிறோம். நோட்டை நான் விட்டுவிடவில்லை. கட்டங்களை மட்டும் அழித்துவிட்டு, நாளுக்கு ஒரு பெயரை எழுதி, அந்த ஆளைக் குறித்து நான் காணாமல் இருப்பதைக் காட்டும்படி கேட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். சில பெயர்கள் அடிக்கடி திரும்ப வருகின்றன.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். 139-ஆம் சங்கீதத்தின் 23-ஆம் வசனத்தை அடுத்த முறை கட்டம் கட்டி அச்சிடும்போது, அதற்கு முந்தைய வசனத்தையும் அதே கட்டத்துக்குள் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்