எங்கள் அப்பாவுக்குக் காலை எப்போது? தொலைமருத்துவச் செயலி வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இரவுக் காவலாளி. மாலையில் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்புவார். காலை ஏழுக்குத் திரும்பி ஒரு டீ குடித்துவிட்டுப் படுத்தால் மதியம் ஒரு மணிக்குத்தான் எழுவார். பன்னிரண்டு வருடமாக இதுதான் அவருடைய நாள்.

அவருக்குச் சர்க்கரை நோய். போன வருடம் அவரை ஒரு செயலியில் சேர்த்துவிட்டது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் தூக்கம் கெடும், அன்றிரவு வேலையும் போகும். வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம் என்றதும் ஒப்புக்கொண்டார். வயது, எடை, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை என்று எல்லாம் கேட்டார்கள். பிறகு அவருக்கென்றே தயாரித்ததாக ஒரு சிகிச்சைத் திட்டம் வந்தது. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் 1-0-1, அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இன்னொரு சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு 1-0-0, காலை உணவுக்கு முன்.

முதல் சில நாள் அம்மா இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்தார். ஒருநாள் அப்பா அலுப்பில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டார். பதினொரு மணிக்கு அம்மா பார்த்தபோது சட்டை முழுக்க வேர்வை, பேச்சு குழறியது. குளுக்கோமீட்டரில் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். நினைவு இருந்ததால் குடிக்க முடிந்தது. அம்மா அன்று வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் என்னால் யோசிக்க முடியவில்லை.

டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் திரையில் வந்த படிவத்தில் வேலை நேரத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்க்காது. 1-0-1 என்று எழுதும் வழக்கமே காலையில் எழுந்து இரவில் தூங்குகிறவருக்கானது. மில் தொழிலாளி, செக்யூரிட்டி, லாரி டிரைவர், நர்ஸ் என்று எத்தனை பேருக்கு அந்த நாள் பொருந்தாது! ரமலானில் நோன்பு இருப்பவருக்கும் ஒரு மாதம் பொருந்தாது.

அதனால் மருந்துப் பட்டியலுக்கு முன்னால் நோயாளியின் நாளைக் கேளுங்கள். எப்போது எழுவீர்கள், முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு, எந்த வேளை தவறும்? 'காலை' என்பதற்குப் பதில் 'எழுந்து சாப்பிடும் முதல் வேளைக்கு முன்' என்று திட்டம் சொல்லட்டும். பிறகு நாங்கள் கேட்டுக்கொண்டதும் டாக்டர் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிக் கொடுத்தார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொன்று. பதிவு செய்தது என் எண் என்பதால் மாத்திரை நினைவூட்டல் கோயம்புத்தூரில் என் போனில் அடித்துக்கொண்டிருந்தது. நோயாளியின் போன் எது, வீட்டில் கவனிப்பவரின் போன் எது என்று தனித்தனியாகக் கேளுங்கள். நினைவூட்டல் தமிழில் குரலாக வரட்டும். அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

மெட்ஃபார்மின் எழுதும் திரையில் கடைசியாகக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்த தேதி பளிச்சென்று தெரிய வேண்டும். சிறுநீரக வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனவருக்கு அந்த மாத்திரை கூடாது. நேரில் பார்க்கும் டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்ப்பார். உங்கள் செயலியில் அந்தச் சீட்டு எங்கே?

2020 மார்ச் 25 அன்று வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதலில் சுகாதாரப் பணியாளர் நடுவில் இருந்து டாக்டரோடு பேசுவதற்கு இடம் உண்டு. செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவலாம், தானாக மருந்து எழுதக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. சுகாதாரப் பணியாளருக்குத் தந்திருக்கும் அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியபின் மாத்திரையோடு வாசல் வரை வரும் பெண் தன்னார்வலருக்கு, யார் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறார், யார் வீட்டில் இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இல்லை என்பது தெரியும். அவர் பார்த்ததை நேராகப் பேசிப் பதிவு செய்ய ஒரு பொத்தான் கொடுங்கள். திட்டத்தை மாற்றும்முன் டாக்டர் அதைக் கேட்டாக வேண்டும் என்று வையுங்கள்.

அடுத்த செயலியைச் சோதித்துப் பார்க்க இரவுப் பணியாளர் யாராவது வேண்டுமென்றால் அப்பா வரத் தயார் என்கிறார். பகல் ஒரு மணிக்குப் பிறகு பேசுங்கள். அதற்கு முன் தூங்குவார்.

இப்படிக்கு,
ஒரு மகள்