குருட்டுக்கொக்கு

மக்களே,

சுகம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரவில்லை என்று திங்கள் பதினோரு மணிக்கு நான் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்மா" என்றாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது. சரி, போகட்டும்.

கிணற்றடி விஷயம் முடிந்தது. அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதை நேரில் சொல்கிறேன்.

சுகருக்காக இப்போது தினமும் வெள்ளன நடக்கிறேன். ஒரு நாள் வேப்பமூடு பார்க், மற்ற நாளெல்லாம் சானல் வாய்க்கால் கரை. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பைனாகுலரோடு வருகிறார். அவர் சொல்லித்தான் இத்தனை பறவை இங்கே இருப்பதே தெரிகிறது. பார்க் மரத்தில் டொக் டொக் என்று தட்டுகிற மாதிரி கேட்கும் சத்தம் குக்குறுவானாம். நான் யாரோ பட்டறை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சானலில் வாலாட்டிக்குருவி வந்திருக்கிறது. இமயமலைப் பக்கத்திலிருந்து மழைக்காலத்தோடு வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போகுமாம். அவ்வளவு தூரத்திலிருந்து வருஷம் தவறாமல் வருகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று படித்துறையில் ஒரு மடையான். நாம் குருட்டுக்கொக்கு என்போமே, அதுதான். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சேற்று நிறத்தில், தண்ணீர் ஓரமாக இருந்தது. நாலடி நெருங்கும்வரை கல் என்றே நினைத்தேன். சட்டென்று எழும்பியபோது பார்த்தால் சிறகு முழுக்க வெள்ளை! அத்தனை வெள்ளையையும் எங்கே மடக்கி வைத்திருந்ததோ. அதற்குக் கண் நன்றாகவே தெரிகிறது. நமக்குத்தான் அது தெரிவதில்லை.

தேரூர் குளத்துக்கும் போனோம். சுசீந்திரம் குளத்தோடு சேர்த்து 2022ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் ஏற்றினார்களே, அதேதான். அங்கே தாமரை இலைக்கோழி பார்த்தேன். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுமாம், ஆண்தான் அடைகாத்துக் குஞ்சும் வளர்க்குமாம். உங்கப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

சித்தி மகன் வாரம் இரண்டு தடவை வீடியோவில் வருகிறான். ஆனால் நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீதான் என்று பார்க்கில் இன்றைக்கும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பா பென்ஷனில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சும்மா சொன்னேன். கடையில் வாங்கித் தின்னாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

பிளஸ் டூ மார்க் வந்த அன்று மாமா வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். நீ பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "இந்த மார்க்குக்குச் சோறு ஒரு கேடா" என்று உன் தட்டை நான் எடுத்தேன். நீ ஒன்றும் பேசாமல் கை கழுவிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து என்னிடம் நல்ல சேதி மட்டும்தான் சொல்கிறாய். அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தப்பு என்னுடையது மக்களே. மாமா முன்னால் கௌரவம் பார்த்தேன். இத்தனை வருஷம் சொல்ல வாய் வரவில்லை.

பின்பக்கத்து மட்டி வாழைக்குலை பழுக்கத் தொடங்கிவிட்டது. பொங்கலுக்கு என்று இல்லை, எந்தக் கிழமையானாலும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறு. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கமாட்டேன். எத்தனை நாள் என்றும் கேட்கமாட்டேன். வாத்தியாரிடம் பைனாகுலரை ஒரு நாள் கேட்டு வாங்கி வைக்கிறேன்.

அம்மா